மத்தியானத்தில் கதைக்கிற கடை: தொலைக்காட்சி வியாபாரமும் பழைய வாடிக்கையாளரும்

எங்களில் ஒருவருடைய வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்த கையோடு அம்மம்மா கதிரையை இழுத்துப்போட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துவிடுவா. கேபிளில் வருகிற இந்தியத் தமிழ் சனல் ஒன்றில் அந்த நேரம் சாமான் விற்கிற நிகழ்ச்சி போகும். ஐந்து சேலை ஒரு விலை, ஒட்டாத தாச்சி, முழங்கால் வலிக்கு எண்ணெய், வயிறு குறைக்கிற பட்டி. கீழே ஓடுகிற விலை இந்திய ரூபாயில். கூப்பிடச் சொல்லும் இலக்கமும் இந்தியாவினுடையது. யாழ்ப்பாணத்தில் இருந்து அந்தச் சேலையை வாங்க வழியே இல்லை. ஆனாலும் அம்மம்மா பல வருடமாகப் பார்க்கிறா.

"வாங்க ஏலாததை ஏன் அம்மம்மா பாக்கிறியள்?" என்று கேட்டதற்கு அவ சொன்ன பதில்: "அந்தப் பிள்ளை நல்லாக் கதைக்குது. மத்தியானத்தில என்னோட வேற ஆர் கதைக்கிறியள்?"

முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு அந்தப் பதில் எங்களை விடவில்லை. தொலைக்காட்சிக் கடைகளின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கியபோது, அம்மம்மா போகிற போக்கில் சொன்ன விசயத்தின் மேல்தான் அமெரிக்காவில் பல நூறு கோடி டொலர் வியாபாரம் கட்டப்பட்டது என்று தெரிந்தது. விற்பவர் கதைப்பார். கேட்பவருக்கு அது துணையாக இருக்கும். அந்தத் துணைக்காகவே அவர் திரும்பத் திரும்ப வருவார். அப்படி இருபது முப்பது வருடம் வந்த வாடிக்கையாளருக்கு, வியாபாரம் உருமாறியபோது என்ன நடந்தது? இந்தக் கட்டுரையில் அதைத்தான் பார்க்கப்போகிறோம். சில்லறை வியாபார வரலாற்றைப் பெரும்பாலும் விலை, விளம்பரம், தொழில்நுட்பம் என்று எழுதுவார்கள். நாங்கள் இதை இன்னொரு கேள்வியோடு வாசிக்க விரும்புகிறோம்: கடை வாடிக்கையாளரை எப்படி அறிந்து வைத்திருந்தது? வாடிக்கையாளர் கடையை எந்தளவு அறிந்திருந்தார்?

முகம் தெரிந்த கடை, முகம் தெரியாத கடை

எங்கட ஊர்களில் மூலைக்கடைக்காரர் எல்லாரையும் அறிந்தவர். ஆருடைய பிள்ளை, ஆருக்கு எப்ப சம்பளம், ஆர் வீட்டில் செத்தவீடு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கடன் கொப்பி அந்த அறிதலில்தான் நின்றது. அதைப் பற்றி இப்போது ஏக்கத்தோடு கதைக்கிறவர்கள் அதிகம். ஆனால் முகம் தெரிந்த கடை எல்லாருக்கும் இனிமையான இடமாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வேறு குவளையும் வேறு இடமும் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தபிறகும் தேநீர்க்கடைக்குள் நுழைவதற்குப் போராட வேண்டியிருந்தது. கடைக்காரருக்கு உங்களைத் தெரியும் என்பதன் மறுபக்கம், உங்களை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும் என்பது.

அமெரிக்காவின் தபால் வியாபார வரலாற்றிலும் இதே விசயம் இருக்கிறது. ரிச்சர்ட் சியர்ஸ் 1880களில் கைக்கடிகாரம் விற்கத் தொடங்கி, பிறகு தடித்த பொருட்பட்டியல் புத்தகம் ஒன்றைக் கிராமங்களுக்கு அனுப்பினார். துணி, தையல் மெசின், கலப்பை என்று வீட்டுக்கும் வயலுக்கும் வேண்டிய எல்லாம் அதில் இருந்தன. 1896இல் கிராமப்புற வீடுகளுக்கு நேரடித் தபால் விநியோகமும் 1913இல் பொதிச்சேவையும் தொடங்கியபிறகு அது எல்லா மூலைக்கும் போனது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் உள்ளூர்க் கடையில் வெள்ளையர் எல்லாரும் வாங்கி முடியும்வரை நிற்க வேண்டும். கடனும் விலையும் கடைக்காரரின் தயவில் இருந்தன. சியர்ஸ் பட்டியலுக்கோ கடிதம் எழுதுகிறவரின் தோல் நிறம் தெரியாது. எல்லாருக்கும் ஒரே விலை. லூயிஸ் ஹைமன் என்ற வரலாற்றாய்வாளர் இதை அழுத்திச் சொல்கிறார். தங்கட பிடி தளர்வதை உணர்ந்த உள்ளூர் வியாபாரிகள் சிலர் அந்தப் பட்டியல்களைச் சேர்த்து எரித்ததும் நடந்தது.

ஆக, தூரத்தில் இருந்து வாங்குவது முதலில் ஒரு விடுதலையாகவும் இருந்தது. ஆனால் அந்தக் கடைக்குக் குரல் இல்லை. படத்தைப் பார்த்து, காசை அனுப்பி, வரும்வரை காத்திருக்க வேண்டும். தூரத்துக் கடைக்குக் குரலும் முகமும் கிடைக்க வானொலியும் தொலைக்காட்சியும் வரவேண்டியிருந்தது.

112 ரின் கட்டர்கள்

1977. புளோரிடா மாநிலத்தில் கிளியர்வோட்டர் என்ற ஊரில் ஒரு சிறிய வானொலி நிலையம். அதன் உரிமையாளர் லோவெல் பக்ஸன். விளம்பரம் கொடுத்த ஒருவரால் காசு கட்ட முடியவில்லை. காசுக்குப் பதிலாக 112 பச்சை நிற மின்சார ரின் கட்டர்களைக் கொடுத்துவிட்டார். பக்ஸன் அவற்றைத் தன் அறிவிப்பாளர் பொப் சேர்கொஸ்டாவிடம் கொடுத்து, வானொலியிலேயே விற்கச் சொன்னார். ஒன்று 9.95 டொலர். எல்லாம் விற்றுத் தீர்ந்தன.

தொலைக்காட்சிக் கடைகளின் பிறப்புக்கதையாகச் சொல்லப்படுவது இதுதான். கதை சுவையானது, ஆனால் ஒரு தற்செயல் மட்டும் ஒரு தொழிலைப் பிறப்பிக்காது. பின்னால் வேறு காரணங்கள் இருந்தன. அழைப்பவருக்குக் கட்டணம் விழாத 800 இலக்கங்களை ஏரி அன்ட் ரி 1967இல் அறிமுகப்படுத்தியிருந்தது. கடனட்டை நடுத்தர வீடுகளுக்குள் வந்திருந்தது. கேபிள் பரவியதால் நிரப்புவதற்கு ஆளில்லாத சனல்கள் நிறைய இருந்தன. இவற்றோடு ரீகன் காலத்துத் தளர்வும் சேர்ந்தது. 1984இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, தொலைக்காட்சி ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு நேரம் விளம்பரம் போடலாம் என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. நாள் முழுவதும் விளம்பரமாகவே ஒரு நிலையம் ஓடலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

பக்ஸனும் ரோய் ஸ்பியரும் 1982இல் உள்ளூர்க் கேபிளில் ‘ஹோம் ஷொப்பிங் கிளப்’ என்று தொடங்கினார்கள். எங்கட நாட்டில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய அதே ஆண்டு. 1985இல் அது ஹோம் ஷொப்பிங் நெட்வேர்க் என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் போனது. 1986இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, முதல் நாளிலேயே பங்கின் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது.

முதலில் வைத்த பெயரைக் கவனியுங்கள். கடை என்று வைக்கவில்லை, கிளப் என்று வைத்தார்கள். வாங்குகிறவர் அங்கத்தவர். அறிவிப்பாளர்கள் ஹோர்ன் அடித்து, சத்தம்போட்டு, சந்தையில் ஏலம் கூறுவதுபோல விற்றார்கள். கொம்பனிகள் விற்று மிஞ்சிய சரக்கும், வைரம்போல மின்னும் செயற்கைக் கல் நகையும் முக்கியமான சாமான்கள். சாமான் திரையில் இருக்கும்வரைதான் வாங்கலாம், அடுத்தது வந்துவிட்டால் போச்சு. இன்றைக்கு கைபேசியில் "இன்னும் 2 மாத்திரம் மிச்சம்" என்று வருகிற அவசரத்தின் பழைய வடிவம் அது. தந்திரம் இதுவரைக்கும் பெரிதாக மாறவில்லை என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

சத்தம் போடாத கடை

ஜோசப் சேகல் என்ற வியாபாரி அந்த நிகழ்ச்சியைப் பார்த்து, இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று நினைத்தார். 1986 யூன் மாதம் பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டரில் கியூவிசி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தரம், பெறுமதி, வசதி என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். அதே ஆண்டு நவம்பர் 24இல் ஒளிபரப்பு ஆரம்பித்தது. முதலில் விற்ற சாமான், குளியலறையில் மாட்டுகிற ஒரு வானொலி. விலை 11.49 டொலர்.

கியூவிசியில் ஹோர்ன் இல்லை. அறிவிப்பாளர், குசினியில் பக்கத்து வீட்டுக்காரியோடு இருந்து கதைப்பதுபோலக் கதைத்தார். தன்னுடைய பிள்ளைகளைப் பற்றி, நாரிப்பிடிப்பைப் பற்றி, நத்தாருக்கு என்ன சமைத்தார் என்பதைப் பற்றியெல்லாம் கதை வரும். நடுவில் சாமான் வரும். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். ஒவ்வொரு நடுச்சாமமும் அடுத்த நாளுக்குரிய விசேட விலைப் பொருள் ஒன்று அறிவிக்கப்படும். அதற்காகவே முழித்திருந்தவர்கள் இருந்தார்கள்.

இதில் எங்களை அதிகம் யோசிக்கவைத்தது வாடிக்கையாளர்கள் நேரலையில் கதைத்த அழைப்புகள். முன்பே அந்தப் பொருளை வாங்கிய ஒருத்தி கோல் எடுப்பா. அறிவிப்பாளர் அவவின் பெயரையும் ஊரையும் சொல்லி வரவேற்பார். அவ சாமானைப் பற்றிச் சொல்லுவா. அப்படியே தன் கதையும் சொல்லுவா: மனுசன் செத்து இவ்வளவு காலம், மகள் தூரத்தில், சத்திரசிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறேன். நாடு முழுவதும் அதைக் கேட்கும். சாதாரண வீட்டுப் பெண் ஒருத்தியின் குரல் தொலைக்காட்சியில் போக, வேறு எந்த நிகழ்ச்சியில் இடம் இருந்தது?

அது விற்பனை உத்தி என்பதில் சந்தேகம் இல்லை. ஒரு வாடிக்கையாளர் சொன்னால் இன்னொருவர் நம்புவார் என்பதற்காகத்தான் அந்த அழைப்புகளை எடுத்தார்கள். டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956இலேயே, திரையில் வருபவரோடு பார்வையாளருக்கு ஏற்படுகிற ஒருபக்க நெருக்கத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். பார்க்கிறவருக்கு அவரைத் தெரியும், அவருக்குப் பார்க்கிறவரைத் தெரியாது. பின்னாளில் தொலைக்காட்சிக் கடைகளை ஆராய்ந்தவர்களும் இந்தக் கருத்தைப் பயன்படுத்தினார்கள். ஆனால் தொலைபேசி அழைப்பு அந்த ஒருபக்கத்தைக் கொஞ்சம் உடைத்தது. சில நிமிடங்களுக்காவது பதில் குரல் கேட்டது.

கியூவிசி உருவாக்கிய நட்சத்திரங்களும் இந்த நெருக்கத்தில் இருந்துதான் வந்தார்கள். நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ் 1990இல் அங்கே நகை விற்க வந்தபோது, பெயர்போன ஒருத்தர் இறங்கக்கூடாத இடம் என்று பலர் நினைத்தார்கள். அவ 2014இல் இறக்கும்வரை விற்றா. நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலன்டில் மூன்று பிள்ளைகளோடு இருந்த ஜோய் மங்கானோ, கையால் தொடாமல் பிழியக்கூடிய ஒரு நிலந்துடைப்பானைக் கண்டுபிடித்தா. 1992இல் அதைத் தானே கியூவிசியில் வந்து காட்டியபோது, அரை மணித்தியாலத்துக்குள் 18,000 விற்றதாகச் சொல்லப்படுகிறது. வீட்டு வேலை செய்து அலுத்த ஒருத்தி, அதே வேலையால் அலுத்த மற்றவர்களோடு கதைத்தா. கடைத்தெரு விற்பனையாளர் எவருக்கும் வராத நம்பிக்கை அவவின் பேச்சில் இருந்தது. 2015இல் வந்த ‘ஜோய்’ திரைப்படம் அவவின் கதையைத் தழுவியதுதான்.

சியர்ஸ் தன்னுடைய பெரிய பொருட்பட்டியலை 1993இல் நிறுத்திவிட்டது. அந்த நேரம் கியூவிசி வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. அதன் ஆண்டறிக்கைகளில் பல வருடமாக ஒரு விசயம் வரும்: விற்பனையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்கெனவே வாங்கியவர்களிடம் இருந்து வருகிறது. முக்கியமான வாடிக்கையாளர்கள் 35க்கும் 64க்கும் இடைப்பட்ட பெண்கள். புதிதாக வருகிறவரைப் பிடிக்கிற வியாபாரம் அல்ல இது. வந்தவர் போகாமல் இருப்பதில் நிற்கிற வியாபாரம்.

இதன் இருட்டான பக்கத்தையும் சொல்லவேண்டும். துணைக்காகப் பார்க்கிறவர் தேவைக்கு அதிகமாக வாங்குவார். திறக்காத பெட்டிகளால் அறை நிரம்பிய வீடுகளைப் பற்றிய கதைகள் அமெரிக்காவில் சாதாரணம். வாங்குவதை இலகுவாக்க, விலையை மாதமாதம் பிரித்துக் கட்டுகிற முறையும் வந்தது. அது இவர்களின் கண்டுபிடிப்பு அல்ல. 1850களிலேயே நியூயோர்க்கில் சிங்கர் கொம்பனி தையல் மெசினைத் தவணைக்கு விற்கத் தொடங்கிவிட்டது. 1877இல் இலங்கைக்கு வந்ததும் அதே சிங்கர்தான். எங்கட அம்மம்மாக்கள் பலருடைய வீட்டில் நிற்கிற கறுப்பு மெசினும், கியூவிசியின் மாதத் தவணையும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள்.

அதே ஆண்டுகளில் இங்கே

ஒரு விசயத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எங்களால் மேலே போக முடியவில்லை. அமெரிக்காவில் 24 மணித்தியாலமும் திரையில் சாமான் ஓடிக்கொண்டிருந்த 1990களின் முதல் பாதியில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை இருந்தது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெய்க்கு வரிசை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். ஒரு சவர்க்காரக் கட்டியைத் துண்டாக வெட்டிப் பாவித்த கதையை எங்கட அம்மாமார் இன்றைக்கும் சொல்லுவினம். சங்கக்கடையும் கூப்பனும் நிவாரண அட்டையும்தான் அவர்களுடைய சில்லறை வியாபார வரலாறு.

அப்படியான காலத்தைக் கடந்துவந்த ஒருவர், ஒரு சேலை வாங்கினால் இன்னொரு சேலை இலவசம் என்று திரையில் சொல்வதைப் பார்க்கும்போது என்ன பார்க்கிறார்? நாங்கள் பார்க்கிற அதே விளம்பரத்தையா? அம்மம்மா ஒருநாள் தாச்சி விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு, "இவ்வளவு சாமானும் எங்கையோ இருந்திருக்கு" என்றா. அதில் ஆசையும் இருந்தது, கோபமும் இருந்தது. 2009க்குப் பிறகு ஏ9 பாதை திறந்தபோது தவணைக்கு மோட்டார் சைக்கிளும் குளிர்சாதனப்பெட்டியும் தொலைக்காட்சியும் வடக்குக்கு அள்ளிக்கொண்டு வந்தன. அவற்றோடு லீசிங்கும் நுண்கடனும் வந்தன. ஆறுதலாகப் பழகி வளரவேண்டிய நுகர்வு, எங்களுக்குக் கடனோடு ஒரேயடியாக வந்தது. திரையில் தெரிகிற சாமானுக்கும் எங்களுக்கும் இடையில் உள்ள உறவை விளங்கிக்கொள்ள இதையும் சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும்.

குரல் மாறிய காலம்

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். தொலைக்காட்சிக் கடைகள் இணையத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்கி நின்றன என்று நினைத்தால் பிழை. கியூவிசி 1990களின் நடுப்பகுதியிலேயே இணையக் கடை திறந்துவிட்டது. ஓடர் எடுக்க ஆளுக்குப் பதிலாகப் பதிவுசெய்த குரலும் வந்துவிட்டது. இலக்கத்தை அழுத்தினால் போதும், ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை. வேகமானது. ஆனால் பழைய வாடிக்கையாளருக்கு அங்கேதான் முதல் இழப்பு தொடங்கியது என்று நாங்கள் நினைக்கிறோம்.

பெரிய அடி கேபிளில் விழுந்தது. 2010களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சுமார் 10 கோடி வீடுகள் காசு கட்டித் தொலைக்காட்சி பார்த்தன. பிறகு வருடாவருடம் மக்கள் கேபிளை வெட்டிக்கொண்டு போனார்கள். சனல்களை மாற்றிக்கொண்டு போகும்போது தற்செயலாகக் கண்ணில் படுவதுதான் தொலைக்காட்சிக் கடையின் வாசல். சனல் மாற்றுகிற பழக்கமே இல்லாமல் போனபோது வாசலும் போனது. புதியவர்கள் வரவில்லை. பழையவர்கள் வயதாகிக்கொண்டு போனார்கள்.

2017இல் கியூவிசியின் தாய் நிறுவனம், பழைய போட்டியாளரான ஹோம் ஷொப்பிங் நெட்வேர்க்கை முழுமையாக வாங்கியது. அடுத்த ஆண்டு குறேட் என்று பெயர் மாறியது. 2025இல் மீண்டும் கியூவிசி குறூப் ஆனது. அந்த ஆண்டிலேயே ஹோம் ஷொப்பிங் நெட்வேர்க்கின் புளோரிடா வளாகத்தை மூடி, எல்லாவற்றையும் பென்சில்வேனியாவுக்குக் கொண்டுபோகும் முடிவு வந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். 1977இல் ரின் கட்டர் விற்ற கரையில் இருந்து அந்தக் கடை எழும்பிப் போனது. அதே ஆண்டு ஏப்ரலில் கியூவிசி, ரிக்ரொக்கில் நாள் முழுக்க நேரலையில் விற்கத் தொடங்கியது.

வியாபாரம் செத்துவிடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். சீனாவில் 2016இல் தாவோபாவோ நேரலை விற்பனை தொடங்கியபிறகு, ஒரு ஆள் கமராவுக்கு முன்னால் இருந்து சாமானைக் காட்டிக் கதைக்கிற பழைய முறை உலகம் முழுக்கத் திரும்பி வந்திருக்கிறது. திரை சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான். அப்படியென்றால் பழைய வாடிக்கையாளர் இழந்தது என்ன?

முதலாவது, பொதுவான நேரம். முன்பு நடுச்சாமத்தில் முழித்திருந்தவருக்கு, இன்னும் ஆயிரக்கணக்கானவர்கள் அதே பொருளைப் பார்க்கிறார்கள் என்று தெரியும். இன்று ஒவ்வொருவர் திரையிலும் ஒவ்வொன்று ஓடுகிறது. இரண்டாவது, ஒரே முகம். இருபது வருடம் ஒரே அறிவிப்பாளரோடு சேர்ந்து வயதுபோவது என்பது நேரலை விற்பனையில் அரிது. மூன்றாவதுதான் முக்கியமானது என்று எங்களுக்குப் படுகிறது: அறிதலின் திசை. தொலைக்காட்சிக் காலத்தில் வாடிக்கையாளர் தான் விரும்பியதைத் தன் வாயால் சொன்னா. மனுசன் செத்ததைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். இப்போது அவ சொல்லவே தேவையில்லை. எந்தப் படத்தில் விரல் எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை மணிக்கு நித்திரை வரவில்லை என்பதெல்லாம் கைபேசியே எடுத்துக் கொடுத்துவிடும்.

இலாபங்களையும் மறைக்கக்கூடாது. இன்றைய வாடிக்கையாளர் வேறு கடையில் விலை பார்க்கலாம். வாங்கியவர்கள் எழுதிய குறைகளை வாசிக்கலாம். திரையில் இருக்கும்வரைதான் என்ற பழைய நெருக்கடி கொஞ்சம் குறைந்திருக்கிறது. வெளியே போக முடியாத ஒருவருக்கு மருந்தும் அரிசியும் வாசலுக்கு வருவது சின்ன விசயம் இல்லை. கடைக்காரரின் கண்ணுக்குப் பயந்து சியர்ஸ் பட்டியலைத் தேடியவருக்குக் கிடைத்த சுதந்திரத்தின் தொடர்ச்சி இதிலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலுக்கு அவரைத் தெரியாது என்பதுதான் அந்தச் சுதந்திரத்தின் அடிப்படை. இன்றைய பட்டியலுக்கு எங்களை மூலைக்கடைக்காரரைவிட நன்றாகத் தெரியும். எங்களுக்கோ அதைத் தெரியாது.

"இவங்களுக்கு ஆர் சொன்னது?"

போன வருடம் அம்மம்மாவுக்கு ஒரு பழைய கைபேசி கிடைத்தது. பேர்த்தி முகநூலில் உடுப்பு விற்கிற நேரலை ஒன்றைக் காட்டிக் கொடுத்தா. உள்ளூர்ப் பெண் ஒருத்தி வீட்டு முன்னறையில் கயிறு கட்டி, ஹவுஸ்கோட்டுகளைத் தொங்கவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தா. "அம்மம்மா பாக்கிறா" என்று பேர்த்தி எழுதிப்போட்டதும், அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "வணக்கம் அம்மா, சாப்பிட்டாச்சோ?" என்றா. அம்மம்மா திரையைப் பார்த்து, "ஓம் பிள்ளை" என்று பதில் சொன்னா. பல வருடம் பார்த்த கடை முதல்முறையாக அவவைப் பெயர்கூறாவிட்டாலும் முறைசொல்லிக் கூப்பிட்டது. பூப்போட்ட ஹவுஸ்கோட் ஒன்று ஓடர் ஆனது. மூன்று நாளில் வந்தது. நிறம் கொஞ்சம் மங்கல், அளவு சரி. அம்மம்மாவுக்குச் சந்தோசம்.

அடுத்த நாள் கைபேசியைத் திறந்தால் எல்லா இடமும் ஹவுஸ்கோட். அதற்கு அடுத்தநாள் முழங்கால் பட்டி, நீரிழிவுத் தேநீர், பிறகு கடன் தருகிறோம் என்று ஒரு விளம்பரம். அம்மம்மா கைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டா: "எனக்கு முழங்கால் நோ எண்டு இவங்களுக்கு ஆர் சொன்னது?"

எங்களிடம் அவவுக்குச் சொல்லக்கூடிய நேரான பதில் இருக்கவில்லை. செயலி, தரவு, விளம்பரம் என்று ஏதோ விளங்கப்படுத்தினோம். அவ கேட்டது தொழில்நுட்பக் கேள்வி இல்லை என்று பிறகுதான் உறைத்தது. ஊரில் ஒரு விசயம் வெளியே போனால், அதை ஆர் சொன்னது என்று கண்டுபிடித்து, வேலிக்கு மேலால் ஏசவாவது முடியும். கடன் கொப்பியில் பிழையாக எழுதினால் கடைக்காரரோடு சண்டை பிடிக்கலாம். கியூவிசி அறிவிப்பாளரைப் பிடிக்காவிட்டால் கோல் எடுத்துச் சொல்லலாம். இங்கே சண்டை பிடிக்க ஒரு ஆள் இல்லை.

நேரலையில் உடுப்பு விற்கிற அந்தப் பெண்ணையும் நாங்கள் குற்றம் சொல்லவில்லை. கடைவாடகை கட்ட வசதியில்லாத எத்தனையோ பெண்கள் 2022 நெருக்கடிக்குப் பிறகு இப்படித்தான் வீட்டைக் கொண்டு இழுக்கிறார்கள். ஜோய் மங்கானோவைப் போலவே தங்கட வாழ்க்கையில் இருந்து கதைத்து விற்கிறார்கள். அவர்களுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் நிற்கிற நிறுவனம்தான் இரண்டு பேரையும் அறிந்துகொண்டு, தன்னை மட்டும் அறியவிடாமல் இருக்கிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் எங்கட நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது அம்மம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய சட்டமாக நடைமுறைக்கு வருமா என்பது, நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கிறோமா என்பதிலும் தங்கியிருக்கிறது.

அம்மம்மா இப்போது திரும்பவும் மத்தியானத்தில் அந்த இந்தியச் சனலுக்கு முன்னால் இருக்கிறா. கைபேசி அலுமாரிக்கு மேல். ஏன் என்று கேட்டால், "இவ என்னட்டை ஒண்டும் கேக்கிறதும் இல்லை, என்னைப் பற்றி ஒருத்தருக்கும் சொல்லுறதும் இல்லை" என்கிறா.

உங்கள் வீடுகளிலும் இப்படியான வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். தவணைக்குத் தையல் மெசின் எடுத்தவர்கள், கூப்பன் புத்தகத்தை இன்னும் பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள், மூடப்பட்ட கடையின் கடன் கொப்பியில் கடைசியாகக் கையெழுத்து வைத்தவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எதை வாங்கினார்கள் என்பதோடு, ஆரிடம் வாங்கினார்கள், அவர் என்ன கதைத்தார் என்பதையும் கேளுங்கள். எங்கட ஊர்களின் சில்லறை வியாபார வரலாற்றை அதிலிருந்துதான் எழுதத் தொடங்க முடியும்.